கடிகாரமும் கடகமும்

கைக்கடிகாரத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதனுள்ளே இயங்கும் பொறியைப் பற்றியும் அதன் முகத்தின் அழகைப் பற்றியும் நூல்கள் பல இயற்றியுள்ளனர். அதனை மணிக்கட்டோடு பிணைக்கும் உலோகக் கடகத்தைப் பற்றியோ இரண்டொரு வரியிற் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றனர். யாழ்ப்பாண வழக்கிற் கடகம் என்றதும் பனையோலைப் பெட்டியே நினைவுக்கு வருமாயினும், கையில் வளைத்து அணியும் அணியைக் குறித்தலும் அச்சொல்லின் பழைய பொருளேயாம். அப்பொருளே ஈண்டுக் கொள்ளப்படுகின்றது. பொறியின் சக்கரங்கள் தூசு புகாத கூட்டினுள், எண்ணெயிட்ட மாணிக்கக் குழிகளில் அமைதியாகச் சுழல்வன. கடகத்தின் கண்ணிகளுக்கு அத்தகைய பாதுகாப்பு யாதும் இல்லை. வியர்வை, புழுதி, உப்புநீர் ஆகியவற்றின் நடுவே, கை அசையுந்தோறும் அவை ஒன்றோடொன்று உராய்கின்றன. பொறியைச் செய்தல் அரிது, கடகத்தைச் செய்தல் எளிது என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை; உலகிற் சிறந்த பொறிகளைச் செய்த சுவிற்சர்லாந்துக் கம்பனிகளே, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், மெல்லிய தகட்டை மடித்தே கண்ணி செய்துவந்தன.

கையிற் கடிகாரம் அணியும் வழக்கம் அணிகலனாகவே தொடங்கியது. 1571 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு றொபேட் டட்லி என்னும் பிரபு கடிகாரம் பதித்த கையணியொன்றைப் பரிசளித்தார் என்பர். 1810 ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நாட்டின் அரசி கரோலின் மியூறா, பாரிஸ் நகரத்துப் பிறெகே என்னும் புகழ்பெற்ற வினைஞரிடம் கைக்கடிகாரமொன்று செய்யுமாறு பணித்தார். 1812 இல் நிறைவெய்திய அக்கடிகாரத்தின் வார், கூந்தலையும் பொன்னிழையையும் சேர்த்துப் பின்னியதாகும். 1868 இல் ஜெனீவா நகரத்துப் பற்றெக் பிலிப் கம்பனியார் ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி ஒருவருக்குச் செய்தளித்த கைக்கடிகாரமோ முற்றிலும் பொற்காப்பே. கடிகாரம் அதிற் பதித்த மணிபோல் அமைந்தது. இக்காலத்திற் கடகமே முதன்மை பெற்றது. கடிகாரம் அதன் அலங்காரம். ஆடவர் இவற்றை மகளிர்க்குரியவையெனக் கருதிச் சட்டைப்பை மணிக்கூட்டையே விரும்பினர்.

அக்கருத்தை மாற்றியது போர். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரிற் பதுங்குகுழிகளில் நின்ற படைவீரர், துப்பாக்கி பிடித்த கையாற் சட்டைப்பையைத் துழாவ இயலாதவராயினர். சிறிய சட்டைப்பை மணிக்கூடுகளின் இருமருங்கும் கம்பிவளையம் பற்றவைத்து, அதிலே தோல்வாரைக் கோத்துக் கட்டிக்கொண்டனர். இதற்குச் சற்று முன்னரே, 1904 இல், வானூர்தி ஓட்டிய சாந்தோஸ் துமோன் என்பவருக்காக லூயி கார்ட்டியே தோல்வார் பூட்டிய கைக்கடிகாரமொன்றை அமைத்திருந்தார். ஆகவே ஆடவர் கைக்கடிகாரம் பிறந்தபோது உலோகக் கடகத்தோடு பிறக்கவில்லை. அது தோலோடு பிறந்தது.

தோலின் குறையை வெளிப்படுத்தியது 1926 ஆம் ஆண்டு. ஹான்ஸ் வில்ஸ்டோர்ப் என்பவரின் றோலெக்ஸ் கம்பனி, நீர் புகாத ஒயிஸ்ரர் என்னும் கடிகாரத்தை அவ்வாண்டில் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் மேர்சிடிஸ் கிளைற்ஸ் என்னும் நங்கை ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் நீந்தியபோது அதனை அணிந்திருந்தார். பல மணிநேரம் நீரிற் கிடந்தும் கடிகாரம் கெடாது ஓடியது. ஆயின், கூடு நீரைத் தாங்கிற்றேயன்றி, வார் தாங்குமா? நனைந்த தோல் சுருங்கும், விறைக்கும், நாறும். வெப்ப நாடுகளில் வியர்வையே அதனை ஓரிரு ஆண்டில் இற்றுப்போகச் செய்யும். நீரை வென்ற கடிகாரம், தன்னைக் கையிற் பிணித்த வாரினால் நீருக்கு அஞ்சவேண்டிய நிலை ஏற்பட்டது. அதன் தீர்வு உலோகத்திலேயே இருந்தது.

தீர்வுக்கு வேண்டிய உலோகமும் அண்மையிலேதான் கிடைத்திருந்தது. 1912 இல் ஜேர்மனியின் குறுப் கம்பனியாரும் 1913 இல் செபீல்ட் நகரத்து ஹரி பிறியர்லி என்பவரும் குரோமியம் கலந்து கறையில் உருக்கை ஆக்கினர். செபீல்டிலே ஹற்பீல்ட் என்பவர் 1924 இல், நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த கலப்புலோகத்தை உருவாக்கினார். ஸ்ரேபிறைற் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்த அவ்வுருக்கு துருவேறாதது; ஆனால் வினைஞர்க்குத் தொல்லை தருவது. பொன்னை அடிக்க அடிக்க அது இணங்கும். இவ்வுருக்கோ வளைக்க வளைக்க வலித்துக்கொள்ளும்; கருவிகளின் விளிம்பைத் தின்றுவிடும். பொன்வேலையிற் பழகிய கைகள் உருக்கைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தன.

அவ்வாறு கற்றோருட் குறிப்பிடத்தக்கோர் ஜெனீவாவின் கே பிறேர் நிறுவனத்தார். கே சகோதரர் எனப் பொருள்படும் அந்நிறுவனம் 1835 இல் தோன்றியது; சட்டைப்பை மணிக்கூட்டுக்குரிய சங்கிலிகளைச் செய்வது அதன் பழைய தொழில். சட்டைப்பை மணிக்கூடு வழக்கொழியத் தொடங்கியபோது சங்கிலியும் வழக்கொழிந்திருக்க வேண்டும். அவர்களோ தம் சங்கிலியை மணிக்கட்டுக்கு இடம் மாற்றினர். கண்ணியோடு கண்ணி கோக்கும் கலை அவர்க்குத் தலைமுறைச் சொத்தாயிருந்தமையால் அம்மாற்றம் எளிதில் நிகழ்ந்தது. 1930 களில் அவர்கள் செய்தவற்றுள் ஏணிபோன்ற கடகமும் ஒன்று: மெல்லிய உருக்குச் சட்டங்கள் படிபடியாகத் தொடுக்கப்பட்டிருக்கும், வேண்டிய படியிற் கொளுவியை மாட்டிக் கருவியெதுவுமின்றி அளவை மாற்றலாம். இதனையொத்த பொன்கிளிப் என்னும் கடகத்தைப் பிரித்தானிய விமானப் படையினரும் பின்னர் அணிந்தனர். அழகிற் குறைந்ததாயினும், அறிவிற் குறைந்த அமைப்பன்று அது.

1930 களின் இறுதியில் உருவான ஒயிஸ்ரர்க் கடகம் மூன்று நிரையான தட்டைக் கண்ணிகளைக் கொண்டது: நடுவில் அகன்ற கண்ணி, இருபுறமும் ஒடுங்கிய கண்ணி. அதனை அடுத்து 1945 இல், கம்பனியின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி வந்த டேற்ஜஸ்ற் கடிகாரத்துக்கென ஐந்து நிரைக் கண்ணிகளையுடைய ஜூபிலிக் கடகமும், 1956 இல் அரைவட்ட முகப்புள்ள மூன்று நிரைக் கண்ணிகளையுடைய பிறெசிடென்ற் கடகமும் வந்தன. இம்மூன்றும் இன்றும் செய்யப்படுகின்றன. தோற்றம் பெரிதும் மாறவில்லை. உள்ளமைப்பே முற்றாக மாறியது. கடகத்தின் உண்மையான வரலாறு கண்ணுக்குத் தெரியாத அவ்விடத்திலேயே உள்ளது.

முதலிற் கண்ணிகள் திண்மமானவை அல்ல. அச்சிலே வெட்டிய உருக்குத் தகட்டை மடித்துக் குழல்போலாக்கி, அவற்றை ஊடறுத்து ஆணிகளைச் செலுத்தி, ஆணியின் தலையைப் பக்கத்தில் அடித்துப் பரப்பினர். தறையாணி அடித்த அக்கடகங்களின் விளிம்பிலே சிறு பொட்டுகள் நிரையாகத் தெரியும். 1960 களிற் பொட்டுகள் மறைந்து, தகடு பல மடிப்பாகச் சுருட்டப்பட்ட கண்ணி பெருவழக்காயிற்று. தகட்டு வேலையாற் கிடைத்த நன்மை இரண்டு: உலோகம் குறைவு, நிறை குறைவு. திண்மக் கண்ணி ஒவ்வொன்றையும் உருக்குக் கட்டையிலிருந்து குடைந்தெடுக்க அக்கால இயந்திரங்களால் இயலும். இயலினும் கூலி கட்டுபடியாகாது. அன்றியும், இறக்குமதி வரியைத் தவிர்க்கும்பொருட்டுக் கடகங்கள் அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் உள்ளூரிலேயே செய்யப்பட்டன. ஒரே கம்பனியின் கடிகாரத்திற் பல கைகளின் வேலைப்பாடு காணப்படுவதன் காரணம் இதுவே.

தகட்டுக் கண்ணியின் நோய் தேய்வு. தாலிக்கொடியின் கண்ணிகள் நாளடைவில் உராய்ந்து மெலிவதைப் பொற்கொல்லர் அறிவர். கடகத்தில் நிகழ்வதும் அதுவே. ஆயினும் விரைவாக நிகழ்கின்றது. ஆணிக்கும் அதைச் சுற்றிய குழலுக்கும் இடையே வியர்வையோடு நுண்மணல் சேர்ந்து அரம்போல் அராவும். வட்டமான துளை நீள்வட்டமாகும். ஒரு துளையில் விளையும் தளர்ச்சி கண்ணுக்குப் புலப்படாத அளவினதே; ஆனால் இருபதுக்கு மேற்பட்ட மூட்டுகளில் அத்தளர்ச்சி சேரும்போது கடகம் நீண்டு தொங்கும். பழைய கடகத்தைக் கிடையாகப் பிடித்தால் அது நேரே நில்லாது வில்லாக வளைவதைக் காணலாம். இதனை உலோகம் நீண்டுவிட்டது என்பர் பலர். உலோகம் நீளவில்லை, துளைகளே அகன்றன. ஐந்து நிரையுள்ள ஜூபிலிக் கடகத்திற் சிறு கண்ணிகள் மிகுதியாதலின் அது கையில் மெத்தெனப் படியும். அதே காரணத்தால் விரைவில் தளரும். 18 கரட் பொன்னாற் செய்தது உருக்கினும் மென்மையானதால் மேலும் விரைவில் தளரும். மென்மையாகப் படிதலும் நெடுங்காலம் நிலைத்தலும் ஒன்றையொன்று எதிர்ப்பவை என்பதே கடகக் கலையின் அடிப்படைச் சிக்கல்.

கண்ணிகோத்தல் ஒன்றே வழியன்று. இத்தாலியின் மிலான் நகரப் பெயரால் வழங்கும் பின்னல் கடகம், இரும்புவளையக் கவசம் செய்த கலையின் வழித்தோன்றல். ஜேர்மனியின் போட்ஸ்கைம் நகரத்தில் அது இயந்திரத்தாற் பின்னப்பட்டது. றோமாபுரியின் புல்கரி நிறுவனம் 1940 களின் இறுதியில் பாம்புபோற் கையைச் சுற்றும் கடிகாரங்களைச் செய்தது. அவற்றின் குழற்கடகத்திற் பற்றுவைப்பே இல்லை. நீண்ட பொற்பட்டைகளை ஓர் அகணியின்மேல் இறுகச் சுற்றி, ஒன்றின் விளிம்பு மற்றதைக் கவ்வுமாறு செய்து, பின்னர் அகணியை நீக்கிவிடுவர். எரிவாயு செல்லும் குழாயை ஒத்திருத்தலால் அதற்கு வாயுக்குழல் எனப் பொருள்படும் பெயர் வந்தது. 1959 இல் அமெரிக்காவின் ஸ்பைடல் கம்பனி வெளியிட்ட விரியும் கடகத்திலோ பூட்டே கிடையாது. ஒவ்வொரு கண்ணியினுள்ளும் சிறு தகட்டுவில் இருக்கும். அதனை முடிச்சாகக் கட்டிக்காட்டி விளம்பரம் செய்தனர். கையின் உரோமத்தைப் பிடுங்கியது என்னும் குறை அதற்குண்டு. 1960 களிற் பியாஜே கம்பனியார் பொன்னைத் துணிபோல் நெய்து, கடிகார முகமும் கடகமும் வேறுபடாத கைவளைகளைச் செய்தனர். அவை காலங்காட்டும் கருவி என்பதினும் பொற்கொல்லரின் பெருமை எனலே பொருந்தும்.

ஆழ்கடலில் மூழ்குவோரின் தேவை வேறொரு திசையிற் கடகத்தைச் செலுத்தியது. நீர்மூழ்கியின் தடித்த இறப்பர் உடை ஆழத்திற் செல்லச்செல்ல நீரமுக்கத்தால் மெலியும். மேலே இறுக்கமாயிருந்த கடகம் கீழே தளர்ந்து சுழலும். 1967 இல் டொக்ஸா கம்பனி தன் மூழ்குவோர் கடிகாரத்திற் சுருள்வில்லால் நீண்டு சுருங்கும் பூட்டை அமைத்தது. அதன் கடகம் அரிசிமணிகள் கோத்தாற்போன்ற கண்ணிகளையுடையது. கடலுக்கு இத்தகைய பூட்டுக் கிடைத்த காலத்தில், விண்வெளிக்கு உலோகக் கடகமே உதவவில்லை என்பது விநோதம். 1969 இற் சந்திரனிற் சென்றிறங்கிய ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர் கடிகாரம், விண்ணுடையின் பருத்த கையின்மேல் நீண்ட நைலோன் வாராற் கட்டப்பட்டிருந்தது.

அதே 1969 ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில் யப்பானின் சைக்கோ கம்பனி பளிங்குக் கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. மின்கலத்தால் இயங்கிய அது, மிகச் சிறந்த சுவிஸ் பொறியினும் சரியாகக் காலங்காட்டியது. 1970 இற் சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் வேலைசெய்தனர். 1980 களின் நடுப்பகுதியில் அத்தொகை முப்பதாயிரத்தளவிற்கு வீழ்ந்தது. யூறா மலைச்சாரலின் ஊர்கள் பலவற்றிற் பட்டறைகள் மூடப்பட்டன. கைத்தொழிலறிந்த குடும்பங்கள் பிழைப்பிழந்தன. சரியாகக் காலங்காட்டல் என்னும் பெருமை பறிபோன பின்னர் சுவிஸ் கடிகாரத்துக்கு எஞ்சியது யாது? அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று கடகத்திலிருந்து வந்தது.

1971 இல் ஓடிமார் பிகே கம்பனியார், உருக்கினாலான புதுவகைக் கடிகாரமொன்றை வரைந்துதருமாறு ஜெரால்ட் ஜெண்டா என்னும் கலைஞரைக் கேட்டனர். ஓர் இரவில் அதனை வரைந்து முடித்ததாக அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். 1972 இற் பாசல் கண்காட்சியில் வெளிவந்த றோயல் ஓக் என்னும் அக்கடிகாரம் 39 மில்லிமீற்றர் அகலமும் எட்டுத் திருகாணிகள் வெளியே தெரியும் எண்கோண வளையமும் உடையது. அதிற் கடகம் பின்னர் பூட்டப்பட்ட உறுப்பன்று. காதுகளுக்கிடையே வார் கோக்கும் பழைய முறை கைவிடப்பட்டு, கூட்டின் தோள்களே சரிந்திறங்கிக் கண்ணிகளாக மாறின. அக்கண்ணிகள் பூட்டை நோக்கிச் செல்லச்செல்ல அகலம் குறுகுவன. ஆதலின் ஒரு நிரைக் கண்ணி அடுத்த நிரைக்குப் பொருந்தாது. ஒரே அச்சில் நூறு வெட்டி ஒன்றாகக் கோக்கும் எளிமை அங்கே இல்லை. ஒவ்வொரு கண்ணியின் மேற்பரப்பும் நேர்கோடாக உராயப்பட்டு, விளிம்பு மட்டும் கண்ணாடிபோல் மெருகிடப்பட்டது. உராய்ந்த பரப்பும் மெருகிட்ட விளிம்பும் சந்திக்கும் கோடு சிறிது பிசகினும் கண்ணிற் படும். முதல் மாதிரிகளை உருக்கிற் செய்தல் கடினமென்று வெண்பொன்னிற் செய்தனர் என்பது, அக்காலத்தில் உருக்கு எத்துணை முரடாயிருந்தது என்பதைக் காட்டும். அக்கடகத்தைச் செய்தோர் முற்கூறிய கே பிறேர் நிறுவனத்தாரே.

உருக்குக் கடிகாரத்துக்குப் பொற்கடிகாரத்தின் விலை கேட்டதைக் கண்டு பலர் நகைத்தனர். தொடக்கத்தில் விற்பனையும் மந்தமாகவே இருந்தது. சிறிது காலத்தின்பின் பிறரும் அதே வழியைப் பின்பற்றினர். 1976 இல் ஜெண்டா வரைந்த நோட்டிலஸ் என்னும் கடிகாரத்தைப் பற்றெக் பிலிப் கம்பனி வெளியிட்டது. 1977 இல் வஷெறோன் கொன்ஸ்ரன்ரான் கம்பனியின் 222 என்னும் கடிகாரம் வந்தது. விலை உலோகத்திற்கன்று, உழைப்பிற்கே என்னும் கொள்கையை இக்கடகங்கள் வாங்குவோர்க்குக் கற்பித்தன. எனினும் இம்முறையில் ஒரு வலுக்குறை உண்டு. கூட்டோடு ஒன்றிய கடகம் பழுதுற்றால், உரிமையாளர் செய்த கம்பனியிடமே செல்லவேண்டும். வேறு வார் எதுவும் அதிற் பொருந்தாது. அழகின் பெயரால் வாங்குவோரின் சுதந்திரம் சிறிது குறைக்கப்பட்டது என்பதை அக்காலத்துப் புகழுரைகள் கூறவில்லை.

1970 களின் நடுவிலிருந்து றோலெக்ஸ் கடகங்களிலும் மடித்த தகட்டுக்குப் பதிலாகத் திண்மக் கண்ணிகள் இடம்பெறலாயின. ஆயினும் கூட்டின் காதுகளுக்கிடையே பொருந்தும் முனைக்கண்ணி நெடுங்காலம் வெறுந்தகடாகவே இருந்தது. அது ஆடும், கடகடவென்று ஒலிக்கும், காதின் உட்புறத்தைத் தேய்க்கும். அம்முனையும் திண்மமாவதற்கு 1990 களும் 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலமும் வரவேண்டியிருந்தன. கணினியால் இயங்கும் வெட்டுப்பொறிகள் உருக்குக் கட்டையை நுண்ணளவிற் குடைந்தெடுக்கக் கற்றமையே அதற்குக் காரணம். புதிய உலோகங்களும் வந்தன. ஐ. டபிள்யூ. சி. கம்பனி 1980 இல், பெர்டினண்ட் அலெக்சாண்டர் போர்ஷே வரைந்த கடிகாரத்திற் கூட்டையும் கடகத்தையும் தைத்தேனியத்தாற் செய்தது. கன சென்ரிமீற்றருக்கு உருக்கு ஏறத்தாழ 7.9 கிராமும் தைத்தேனியம் 4.5 கிராமுமே நிறையுடையன. 18 கரட் பொன்னோ 15 கிராமுக்கு மேற்படும். 1986 இல் றாடோ கம்பனி செறமிக்கைக் கடகத்திற் பயன்படுத்தியது. 1994 இல் ஐரோப்பிய ஒன்றியம் தோலோடு ஒட்டிக்கிடக்கும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலின் அளவைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியபோது, கடிகாரக் கடகமும் அச்சட்டத்திற் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. வெம்மையான கையிற் கிடந்து உடலோடு உறவாடும் பொருள் என்று சட்டமும் அதனை உணர்ந்துகொண்டது.

அண்மைக் காலத்து முன்னேற்றம் பெரும்பாலும் பூட்டைச் சார்ந்தது. மணிக்கட்டு காலையில் ஓரளவும் வெயிலில் ஓரளவுமாக இருக்கும்; தோல்வாரில் ஒரு துளை தள்ளிக் கட்டலாம், கண்ணிக் கடகத்தில் அது இயலாது. 2008 இல் றோலெக்ஸ் கம்பனி ஆழ்கடற் கடிகாரமொன்றிற் கருவியின்றி 2 மில்லிமீற்றர் அளவு படிப்படியாக நீட்டிச் சுருக்கும் பூட்டை அமைத்தது. 2015 இற் பிறெசிடென்ற் கடகத்தின் பொற்கண்ணிகளுக்குள்ளே செறமிக் குழல்களைச் செருகி, ஆணி பொன்னை அராவும் பழைய நோய்க்கு மருந்து கண்டது. 2018 இற் கார்ட்டியே கம்பனி, உரிமையாளரே கண்ணியைக் கழற்றவும் கடகத்தை மாற்றவும் வல்ல அமைப்பைத் தன் சாந்தோஸ் கடிகாரத்திற் புகுத்தியது; கம்பனியின் பட்டறைக்குச் சென்று காத்திருந்த காலம் ஓரளவு ஒழிந்தது.

இவ்வளவும் நிகழ்ந்த காலமெல்லாம் கடகம் செய்தோரின் பெயர் கடிகாரத்தின் முகத்தில் ஒருபோதும் எழுதப்பட்டதில்லை. கே பிறேர் நிறுவனம் றோலெக்ஸ், பற்றெக் பிலிப், ஓடிமார் பிகே, செனித் முதலிய போட்டிக் கம்பனிகள் பலவற்றுக்கும் ஒரே காலத்திற் கடகம் செய்து கொடுத்தது. 1969 இல் வந்த செனித் கம்பனியின் எல் பிறிமேறோக் கடிகாரத்தின் ஏணிக் கடகமும் அதன் கைவண்ணமே. வாங்கியோருட் பெரும்பாலோர் அதனை அறிந்திலர். 1998 இல் அந்நிறுவனத்தை றோலெக்ஸ் கம்பனி தனதாக்கிக்கொண்டது. அதன்பின் பழைய கடிகாரம் திரட்டுவோர் பூட்டைத் திறந்து உட்புறத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கலாயினர். காலாண்டையும் ஆண்டையும் குறிக்கும் இலக்கங்களின் அருகே, தேய்ந்த உருக்கில், ஜீ. எவ். என்னும் இரண்டெழுத்து முத்திரை சிலவற்றில் இன்னும் தெரிகின்றது.